பந்தை கோட்டை விட்டா 'கோட்டா'வும் போச்சு! கட்டை பசங்களுக்கு கை கொடுக்கும் டிரிபிளிங்

சென்னை:

2025 ஆகஸ்டு 5-ந்தேதி. சவுதி அரேபியாவின் ஜெட்டா நகரில் ஆசிய கோப்பை கூடைப்பந்து. ஜோர்டான் அணியோடு கூடுதல் நேரம் வரை மல்லுக்கட்டிய இந்தியா, 84-91 என்ற கணக்கில் தோற்றது. கேப்டன் நம்ம தமிழ்நாட்டு வீரர் முயின் பேக் ஹபீஸ். அடுத்து சீனாவிடமும் சவுதியிடமும் உதை. மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, மூட்டையை கட்டியாச்சு.

ஒவ்வொரு முறை தோற்கும்போதும் ஒரே பாட்டுதான். "நம்ம பசங்க உயரம் பத்தலை சார்..."

அப்படியா? பஞ்சாபில் இருந்து போன சத்னாம் சிங் 7 அடி 2 அங்குலம். 2015-ல் அமெரிக்க என்.பி.ஏ. அணியான டல்லாஸ் இவரை தேர்வு செய்தது. அந்த பெருமை பெற்ற முதல் இந்தியர் இவர்தான். ஆனா என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றில்கூட களம் இறங்கவில்லை. பின்னாளில் அவர் போய் சேர்ந்தது மல்யுத்த ரிங்குக்கு! உயரம் மட்டும் சோறு போட்டிருந்தா கதையே வேற.

நமக்கு எங்கே இடிக்குது? கையில்தான். பந்தை தட்டிக்கொண்டு, முன்னால் நிற்கிற ஆளை தாண்டி கொண்டு போகிற வித்தை. இங்கிலீஷில் டிரிபிளிங். நம்ம பக்கத்து மைதானங்களில் ரொம்ப பேர் கோட்டை விடுவது இதில்தான்.

8 செகண்டு சோதனை

விஷயம் புரியாதவர்களுக்கு ஒரு கணக்கு. கூடைப்பந்து கோர்ட்டின் நீளம் 28 மீட்டர். பந்து கைக்கு வந்ததும் 8 செகண்டுக்குள் பாதி கோட்டை தாண்டணும். தாண்டலையா, பந்து எதிராளிக்கு. மொத்தம் 24 செகண்டுக்குள் கூடையை நோக்கி அடிச்சாகணும்.

எதிரணி விவரமா இருந்தா என்ன செய்யும்? ஆரம்பத்திலேயே இரண்டு பேர் வந்து மறிப்பார்கள். அந்த நேரத்தில் பந்து வைத்திருக்கும் பையனுக்கு வலது கை மட்டும்தான் வரும்னு வைங்க, அவன் கதை அங்கேயே முடிஞ்சது. இடது பக்கம் போகவே மாட்டான்னு எதிராளிக்கு இரண்டே நிமிஷத்தில் தெரிஞ்சிடும். பதறி இரண்டு கையாலும் பந்தை பிடிப்பான். பிடிச்சா திரும்ப தட்ட முடியாது, தட்டினா டபுள் டிரிபிள். காலை நகர்த்தினா டிராவலிங். பந்தை அடியில் ஏந்தி தூக்கினா அதுக்கும் விசில்.

பின்னால் 6 அடி 8 அங்குலத்தில் ஒருத்தர் கூடைக்கு கீழே கை தூக்கி நின்னா என்ன பிரயோஜனம்? பந்து அங்கே போய் சேரணுமே!

தட்டுவதே தப்பில் பிறந்தது

இந்த ஆட்டத்தை 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் உருவாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஒய்.எம்.சி.ஏ. வாத்தியார். அவர் எழுதிய 13 விதியில் பந்தை தட்டி ஓடுவது பற்றி ஒரு வரிகூட கிடையாது. பந்தோடு ஓடக்கூடாது, அவ்வளவுதான். சுற்றி வளைக்கப்பட்ட வீரர்கள் தப்பிக்க, பந்தை தரையில் போட்டு தாங்களே எடுத்தார்கள். சந்தில் மாட்டினவன் கண்டுபிடிச்ச குறுக்கு வழிதான் இன்றைக்கு இந்த ஆட்டத்தின் உயிர்.

அதே ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்கல்வி கல்லூரி 1920-ல் சென்னையில் ஆரம்பிக்கப்பட்டது. இன்றைக்கும் நந்தனத்தில் இருக்கு. இந்தியாவில் முதல் தேசிய போட்டி 1934-ல் டெல்லியில் நடந்தது. அந்த அளவுக்கு பழைய உறவு நமக்கும் இந்த பந்துக்கும்.

யாருக்கு லாபம்?

இதெல்லாம் பெரிய இடத்து விளையாட்டு, நமக்கென்னன்னு ஒதுக்க முடியாது. தமிழ்நாட்டில் கூடைப்பந்து என்பது பல குடும்பங்களுக்கு வேலை வாங்கி கொடுத்த ஆட்டம். இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., ரெயில்வே, ஐ.சி.எப். என்று பந்தை பிடித்து உள்ளே போனவர்கள் எத்தனையோ பேர். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கு. என்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் விளையாட்டு பிரிவுக்கு 500 இடம் இருக்கு. ஆட்டோ ஓட்டுகிறவர் வீட்டு பிள்ளைக்கும், மீன் விற்கிறவர் வீட்டு பிள்ளைக்கும் இது சின்ன விஷயமா?

சிக்கல் என்னன்னா, இந்த இடத்துக்கெல்லாம் மாநிலம், தேசிய அளவு சர்டிபிகேட் வேணும். அதுக்கு அணியில் இடம் வேணும். அணி தேர்வில் முதல் பார்வை நெட்டை பையன் மேலேதான் விழும். 5 அடி 7 அங்குலத்தில் இருக்கும் பையனுக்கு ஒரே கதவுதான் திறந்திருக்கு. பாயிண்ட் கார்டு. அதாவது பந்தை கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துகிறவன். அந்த வேலைக்கு உயரம் இரண்டாம் பட்சம், கைதான் முக்கியம்.

அமெரிக்காவில் ஆலன் ஐவர்சன் வெறும் 6 அடி. 1997 மார்ச்சில் மைக்கேல் ஜோர்டானையே இடம் வலமா ஆட்டி வைத்து பந்து போட்டார். ரசிகர்கள் இன்னும் அந்த வீடியோவை தேய்க்கிறார்கள். 2001-ல் என்.பி.ஏ.வின் மதிப்புமிக்க வீரர் விருதும் அவருக்குத்தான்.

நம்ம ஊரில் என்ன நடக்குது? சின்ன வயசில் கொஞ்சம் வளர்ந்த பையனா இருந்தா, "நீ கூடைக்கு கீழே நில்லு, பந்தை தட்டாதே" என்று சொல்லிவிடுகிறார்கள். 13 வயசில் வளர்ந்தவன் 16 வயசில் அதே உயரத்தில் நின்னா? கை பழகலை, உயரமும் இல்லை. இரண்டும் கெட்டான். இந்த கொடுமை பல மைதானத்தில் நடக்குது. கோப்பை ஜெயிக்கிற அவசரத்தில் பிள்ளையின் பிழைப்பில் மண் விழுகிறதை யாரும் கவனிப்பதில்லை.

அப்போ எப்படி பழகுவது?

உள்ளங்கையால் 'பட் பட்'டென்று அறைவது முதல் தப்பு. விரல் நுனி சதைதான் பந்தை தள்ளணும், உள்ளங்கை ஒட்டவே கூடாது. முட்டியை மடக்கி தாழ நிக்கணும். பந்து இடுப்புக்கு மேலே எழும்பினா எதிராளிக்கு தாம்பூலம் வைத்து அழைத்த மாதிரி.

அடுத்தது கண். "டேய், கீழ பாக்காதடா!" - எந்த கோர்ட்டுக்கு போனாலும் கோச்சுகள் கத்தும் ஒரே வசனம். பந்தை பார்த்துக்கொண்டே தட்டுகிறவன் கண்ணுக்கு கூட்டாளி தெரியமாட்டான். இதுக்கு மருந்து இரண்டு பந்து. இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் தட்டணும். முதல் வாரம் பந்து தெருவெல்லாம் ஓடும், அவமானமா இருக்கும். போகப்போக இடது கை தானா வழிக்கு வரும். என்.பி.ஏ.வின் ஸ்டீபன் கரி ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு பந்தை வைத்துத்தான் கையை சூடு பண்ணுகிறார்.

இரண்டு பந்துக்கு காசு எங்கே? ஒரு கையில் கூடைப்பந்து, இன்னொரு கையில் டென்னிஸ் பந்து போதும். டென்னிஸ் பந்தை தூக்கி போட்டு பிடிச்சுக்கிட்டே தட்டணும். தெரு கிரிக்கெட் ஆடுகிற வீட்டில் அது இல்லாமலா போகும்? பந்து மேல் பிளாஸ்டிக் பையை சுற்றி தட்டுவது இன்னொரு வழி. பந்து வழுக்கும், விரலுக்கு வேலை கூடும். அமெரிக்க வீரர் கைரி இர்விங் அப்படி பழகியவர்தான்.

ஒரு நாள் மூணு மணி நேரம் தட்டிவிட்டு ஒரு வாரம் படுப்பதைவிட, தினமும் 20 நிமிஷம் மேல். அதில் 15 நிமிஷம் வராத கைக்கு.

பந்து விஷயத்திலும் கவனம் வேணும். பெரிய பசங்களுக்கு 7-ம் நம்பர், எடை சுமார் 600 கிராம். பெண்களுக்கு 6-ம் நம்பர். 12 வயசுக்கு கீழே 5-ம் நம்பர். 'வளர்ந்தா உதவும்' என்று செருப்பு வாங்குகிற கணக்கில் பெரிய பந்து வாங்கி கொடுத்தால் பிஞ்சு கைக்கு தப்பு பழக்கம்தான் வரும். தோள் உயரத்தில் இருந்து போட்டா இடுப்பு வரைக்கும் எழும்பணும். அதுக்கு குறைஞ்சா காற்று அடிக்கணும். சிமெண்டு தரையில் ரப்பர் பந்து உழைக்கும், விலையும் சில நூறு ரூபாய்தான். ஆயிரக்கணக்கில் விற்கிற உள்ளரங்கு பந்தை சிமெண்டில் தட்டினால் சீக்கிரமே மேல்பக்கம் வழுவழுன்னு ஆகிடும்.

கேட்டை திறப்பது யார்?

பழகுவதற்கு இடம்தான் பெரிய தலைவலி. ஹவுசிங் போர்டு வீட்டு மாடியில் தட்டினால் கீழ் வீட்டு அக்கா சண்டைக்கு வருவார். அவர் மேலும் தப்பில்லை. தெருவில் தட்டினால் பைக். பள்ளிக்கூடத்தில் கோர்ட் இருந்தாலும் சாயங்காலம் கேட்டுக்கு பூட்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, திறந்தவெளி கோர்ட்டில் தண்ணி. உள்ளரங்கத்துக்கு போனா மணிக்கு இவ்வளவு என்று காசு.

2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தனது கால்பந்து திடல்களை தனியாரிடம் விட தீர்மானம் போட்டது. கட்டணம் வசூலிப்பார்கள் என்று தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பி, உடனே கைவிடப்பட்டது. அது கால்பந்து. ஆனா சேதி எல்லா ஆட்டத்துக்கும் சேர்த்துத்தான். அன்றைக்கு பூட்டு தப்பியது, சாயங்கால பள்ளிக்கூட பூட்டு மட்டும் அப்படியே தொங்குது.

பந்து தட்ட முழு கோர்ட் வேணும் என்றுகூட இல்லை. கூடையே வேணாம். பத்தடி சமதளம், தலைக்கு மேலே ஒரு விளக்கு, 8 மணி வரைக்கும் கேட்டை திறந்து வைக்க ஒரு வாட்ச்மேன். பள்ளிக்கூடங்களின் சாவி யார் கையில் இருக்கோ, அவர்களிடம் ஏரியா கவுன்சிலர்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்.