தொண்ணூறு சதவீதம் முடிந்தது

போன வாரம் என் தம்பி மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டீம் லீடர். சாப்பிட உட்கார்ந்த பிறகும் போன் விடவில்லை. "தொண்ணூறு பர்சென்ட் முடிஞ்சுது சார், இந்த வாரம் குடுத்துடறோம்" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

"நிஜமாவே முடிஞ்சுதாடா?" என்று கேட்டேன்.

"போன மாசமும் தொண்ணூறுதான் பெரியப்பா" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதையேதான் நானும் ஒரு காலத்தில் வாரா வாரம் எழுதிக் கொடுத்தேன்.

எண்பதுகளின் கடைசி. நான் வேலை பார்த்த நிறுவனத்தில் சம்பளக் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற முடிவு செய்தார்கள். ஐந்து பேர், ஆறு மாதம், பொறுப்பு என்னுடையது. கட்டட வேலைக்குப் போடுவதுபோல் பார் சார்ட் போட்டுச் சுவரில் ஒட்டினேன். எந்த வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்று சனிக்கிழமைதோறும் அதில் வண்ணம் தீட்டுவேன்.

வீடு கட்டும்போது இது சரிதான். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டதா என்று தெருவில் போகிறவரும் சொல்லிவிடுவார். புரோகிராமை அப்படிப் பார்க்க முடியாது. எழுதியவன் சொல்வதுதான் கணக்கு. எழுதியவனுக்கும் மிச்சம் எவ்வளவு என்று தெரியாது. நாலாவது மாதம் தொண்ணூறைத் தொட்டோம். எட்டாவது மாதமும் அங்கேயே நின்றோம்.

மேலிடம் இன்னும் நாலு பேரை அனுப்பியது. அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதிலேயே பழைய ஐந்து பேரின் நேரம் போயிற்று. ஐந்து பேருக்குள் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 ஜோடி. ஒன்பது பேரென்றால் 36.

ஐபிஎம் சிஸ்டம் 360க்கான இயங்குதள வேலையை 1960களில் தலைமையேற்று நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், அந்த அனுபவத்தை வைத்து 1975ல் 'தி மிதிக்கல் மேன் மந்த்' என்ற புத்தகம் எழுதினார். தாமதமான மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்பது அவர் பெயரால் வழங்கும் விதி. மொத்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிட, ஆறில் ஒரு பங்கு எழுத, மீதிப் பாதி சோதித்துப் பார்க்க என்று கணக்கும் கொடுத்திருக்கிறார். நான் சோதனைக்கு ஒதுக்கியது மூன்று வாரம். புத்தகம் என் கைக்கு வந்தது எல்லாம் முடிந்த பிறகு.

ஆனால் நான் செய்த தவறு புத்தகம் படிக்காதது அல்ல. மூன்றாவது மாதமே, எங்களில் இளையவன் ஒருவன், சம்பளமில்லா விடுப்பைப் பிடிக்கும் முறை இரண்டு யூனிட்டுகளில் இரண்டு விதமாக இருக்கிறது, நம் புரோகிராம் ஒன்றைத்தான் செய்கிறது என்று வந்து சொன்னான். "இப்ப அதை ரிப்போர்ட்டில் எழுதாதே" என்றேன். முதல் மாதச் சம்பளத்தில் கடைநிலை ஊழியர்கள் பலருக்குப் பணம் குறைந்தது. விசாரணை வந்தது. அந்தப் பகுதியை எழுதியவன் என்று அவனை வேறு ஊருக்கு மாற்றினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

2001ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி 'அஜைல்' அறிக்கையை உருவாக்கினார்கள். ஓடுகிற மென்பொருளை வைத்தே முன்னேற்றத்தை அளக்க வேண்டும் என்பது அதன் கொள்கைகளில் ஒன்று. நல்ல கொள்கை. ஆனால் இப்போது தினமும் காலையில் நின்றுகொண்டு மீட்டிங் போடுகிறார்கள். அதிலும் தொண்ணூறு என்றுதான் சொல்கிறார்கள் என்றால், என் பார் சார்ட்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

மேலாண்மை முறைகள் மென்பொருளுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் 'முடிந்தது', 'முடியவில்லை' என்ற இரண்டே குறி போதும், சதவீதம் வேண்டாம். தாமதமானால் ஆளைக் கூட்டாமல் வேலையைக் குறையுங்கள், அல்லது தேதியைத் தள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கெட்ட செய்தி கொண்டுவருகிறவனை அடிக்காதீர்கள். இது இல்லாவிட்டால் எந்த முறையும் பொய்க் கணக்கு எழுதத்தான் உதவும்.

தம்பி மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். "உண்மையைச் சொன்னா திட்டுவாங்களே பெரியப்பா" என்றான்.

"திட்டுவாங்க. நீ வாங்கலேன்னா உனக்குக் கீழே இருக்கிற பையன் வாங்குவான்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணைக்குப் போனான். யாரிடம் என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.