பஸ்சில் ஏற்றி அனுப்பினால் தீர்ந்து போகுமா?

சேலத்துப் பக்கம் நிலமில்லாத கூலித் தொழிலாளி ஒருவர். ஊரில் பஞ்சம், வேலை இல்லை. 1961-ம் ஆண்டு பிழைப்புத் தேடி பம்பாய் போனார். கெமிக்கல் கம்பெனி ஒன்றில் சொற்ப சம்பளத்துக்கு வேலை. வாடகை கொடுக்க வழி ஏது? நெடுஞ்சாலை ஓரமாகக் குடிசை போட்டுக் கொண்டார்.

1981-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி மாநகராட்சி ஆட்கள் வந்தார்கள். குடிசை தரைமட்டம்! குடும்பத்தோடு அவரை சேலம் போகிற பஸ்சில் ஏற்றி விட்டார்கள்.

பிறகு என்ன ஆச்சு? மனைவியும் பெண் பிள்ளைகளும் சேலத்தில் தங்கினார்கள். அவர் மறுபடி பம்பாய்க்கே போனார். மறுபடி பிளாட்பாரம், மறுபடி குடிசை.

இது கட்டுக்கதை அல்ல. சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பிலேயே எழுதி இருக்கிற சங்கதி.

அந்த மாதம் 13-ந் தேதி அப்போதைய மராட்டிய முதல்-மந்திரி அந்துலே ஒரு அறிவிப்பு செய்தார். பிளாட்பாரத்தில் குடியிருக்கிறவர்களை எல்லாம் அப்புறப்படுத்து, அவரவர் ஊருக்கு அனுப்பு என்பது அவர் போட்ட உத்தரவு. பம்பாயில் அடைமழைக்காலம் அது. பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் உள்பட பலர் கோர்ட்டுக்குப் போனார்கள்.

நோட்டீசில் முடிந்த தீர்ப்பு

1985-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட் உள்பட 5 நீதிபதிகள் தீர்ப்புக் கூறினார்கள். அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு உயிருக்குப் பாதுகாப்பு தருகிறது. பிழைப்பைப் பறித்தால் உயிர் எங்கே நிற்கும்? ஆகவே பிழைக்கிற உரிமையும் அதற்குள் அடக்கம் என்றார்கள். சட்டக் கல்லூரிகளில் இன்றும் அது பாடம்.

ஆனால் முடிவு? பிளாட்பாரம் ஜனங்கள் நடப்பதற்குத்தான், மாநகராட்சி குடிசைகளை அகற்றலாம், அதற்கு முன் நோட்டீசு கொடுக்க வேண்டும், மழை ஓயட்டும், அக்டோபர் 31-ந் தேதி வரை கை வைக்கக் கூடாது. 1976-ம் ஆண்டு கணக்கெடுப்பில் இடம் பெற்றவர்களுக்கு மாற்று இடம் உண்டு. உயிர் பெரிது என்று ஆரம்பித்த தீர்ப்பு, நோட்டீசில் வந்து நின்றது!

மெட்ராஸ் குடிசைவாசிகள் வழக்கிலும் அதே நாளில் தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்டவர் வக்கீல் சந்துரு. பிற்காலத்தில் ஐகோர்ட்டு நீதிபதி ஆனாரே, அவரேதான். மாற்று இடம் விஷயத்தை அரசாங்கத்தின் நல்ல மனசை நம்பி விட்டு விட்டார்கள்.

டெல்லி கொடுத்த வாக்கு

1948-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனம் வெளியிட்டது. சோறு, துணி, வைத்தியம், வீடு மனிதனாகப் பிறந்த எல்லாருக்கும் உண்டு என்கிறது அதன் 25-வது பிரிவு. இந்தியாவும் ஆதரித்து ஓட்டுப் போட்டது.

பிரகடனம் வெறும் பிரகடனம்தான், சரி. ஆனால் 1979-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி இந்தியா சேர்ந்து கொண்ட பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் ஒப்பந்தம் அப்படி அல்ல. சேர்ந்த நாட்டை அது கட்டுப்படுத்தும். அதன் 11-வது பிரிவில் வீடு இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தைக் கவனிக்கிற ஐ.நா. கமிட்டி 1997-ம் ஆண்டு கறாராக விளக்கம் சொன்னது. குடியிருப்பவர்களோடு முன்கூட்டி கலந்து பேசு, போதிய அவகாசம் கொடு, கொட்டுகிற மழையிலும் ராத்திரியிலும் காலி செய்யாதே, ஒருவரும் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்றது. 2007-ம் ஆண்டு இன்னொரு வழிகாட்டி வந்தது. பண்டிகை நாளில் கூடாது, பரீட்சை நேரத்தில் கூடாது என்கிறது அது. தயாரித்தவர் யார்? ஐ.நா.வின் வீட்டு உரிமை நிபுணராக இருந்த மிலூன் கோத்தாரி. இந்தியர்!

நம் அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமைகளில் வீடு என்ற வார்த்தையே கிடையாது. பிழைப்புக்குப் போதிய வழி வேண்டும் என்று 39-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அதைக் காட்டி கோர்ட்டுப் படி ஏற முடியாது என்று 37-வது பிரிவு கதவைச் சாத்துகிறது. ஐ.நா. ஒப்பந்தத்தை நேராக நீட்டியும் வீடு கேட்க முடியாது. பார்லிமெண்டு அதற்குத் தனியாகச் சட்டம் போட்டால்தான் உண்டு. போடவில்லை.

தென் ஆப்பிரிக்காவில் 1996-ம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே எழுதி விட்டார்கள். கோர்ட்டு உத்தரவு இல்லாமல் யாரையும் குடியிருக்கிற வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது. அங்கும் பாலும் தேனும் ஓடவில்லை. 2000-ம் ஆண்டு வழக்கில் ஜெயித்து உலகப் புகழ் பெற்ற ஐரீன் குரூட்பூம், 2008-ம் ஆண்டு குடிசையில்தான் செத்துப் போனார்.

இங்கே 2024-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி புல்டோசர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு போட்டதே ஒரு போடு! 15 நாள் நோட்டீசு இல்லாமல் வீட்டை இடிக்காதே என்றது. ஏழைகள் அவசரப்பட்டு சந்தோஷப்பட வேண்டாம். சாலை, நடைபாதை, ரெயில் பாதை ஓரம், ஆற்று ஓரம், ஏரி ஓரம் இதற்கெல்லாம் அந்த உத்தரவு பொருந்தாதாம். குடிசைகள் வேறு எங்கே இருக்கின்றன?

நடக்க இடம் வேண்டாமா?

கடைக்காரர் கேட்பார்: கடை வாசலில் குடிசை போட்டால் வியாபாரம் நடக்குமா? ஆபீசு போகிறவர் கேட்பார்: பிளாட்பாரத்தை விட்டு பஸ்சுக்கு நடுவிலா நடப்பது? நியாயமான கேள்விதான். ஆற்றங்கரைக் குடிசையில் வெள்ளம் வந்தால் உயிருக்கே ஆபத்து. அகற்றவே கூடாது என்று ஐ.நா. விதியும் சொல்லவில்லை. எங்கே கொண்டு போய் விடுகிறாய் என்றுதான் கேட்கிறது.

1970-ம் ஆண்டு குடிசை மாற்று வாரியம் தொடங்கிய புதிதில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். நொச்சிக்குப்பம் சாட்சி. 2000-ம் ஆண்டுக்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊர் எல்லை தாண்டிப் போய் விட்டது. வாரியத்தின் பெயரும் 2021-ம் ஆண்டு மாறி விட்டது.

வீடு என்னவோ சிமெண்டு வீடுதான். ஆனால் மயிலாப்பூரில் காலை 6 மணிக்கு பாத்திரம் தேய்க்க வேண்டிய பெண், பெரும்பாக்கத்தில் எத்தனை மணிக்கு பஸ் பிடிப்பாள்? இரண்டு வீட்டு வேலை போனால் மாதச் சம்பளத்தில் பாதி போச்சு. வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வர முடிகிற இடத்தில் இருந்தால்தான் அது வீடு என்று அதே ஐ.நா. கமிட்டி 1991-லேயே சொல்லி விட்டது. பிழைப்பு இல்லாமல் உயிர் இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டும் 1985-லேயே சொல்லி விட்டது. அந்த இரண்டும் இன்னும் இடிக்க வருகிற என்ஜினீயர் கைக்கு வந்து சேரவில்லை.

வந்து சேர வைப்பது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. நோட்டீசில் இடிக்கிற தேதி போடுகிறார்கள். புது வீட்டு விலாசம், பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம், அங்கிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் அதே தாளில் போடட்டும். போட முடியாவிட்டால் தேதியைத் தள்ளி வைக்கட்டும்.