காசிமேட்டில் மீன் விலை ஏன் திடீர்னு ஏறுது? 61 நாள் தடைக்காலக் கணக்கு இதுதான்!

சென்னை காசிமேடு. விடிவதற்கு முன்பே ஏலக்குரல்கள் காதைப் பிளக்கும். கூடை கூடையாக சங்கரா, நெத்திலி, இறால் இறங்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் கால் வைக்க இடம் இருக்காது. ஆனால் ஏப்ரல் 15-க்குப் பிறகு அதே இடத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வஞ்சிரம் விலை கேட்டால் தலை சுற்றும். என்ன காரணம்?

எதற்காக இந்தத் தடை?

மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தமிழகத்தில் முதலில் 45 நாட்களாக இருந்த தடைக்காலம், 2017-ல் 61 நாட்களானது.

அப்போ மீனே வராதா?

வரும். பைபர் படகு, கட்டுமரத்துக்குத் தடை இல்லை. ஆனால் அவை கரையோரம் பிடித்து வருவது கொஞ்சம்தான். மீதியை மேற்குக் கடற்கரையில் இருந்து ஐஸ் போட்டு லாரியில் வரும் மீன் ஈடுகட்டும். ஜூன் 1-ல் அந்தப் பக்கமும் தடை தொடங்கிவிடும் (கேரளத்தில் ஜூன் 9). அதனால் ஜூன் முதல் பாதிதான் ரொம்ப இறுக்கமான நாட்கள்.

ஜூன் 15-லேயே விலை குறையுமா?

உடனே குறையாது. பெரிய விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கிப் பிடிப்பவை. அவை கரை திரும்பினால்தான் ஏலக்கூடம் நிறையும்.

யாருக்கு நிவாரணம், யாருக்கு இல்லை?

தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயில் இருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என 2023-ல் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 8,000 என்றால், நாளொன்றுக்கு சுமார் 131 ரூபாய். அதுவும் மீனவக் குடும்பம் என்ற கணக்கில்தான் வருகிறது. ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், மீன் வெட்டித் தருபவர் என துறைமுகத்தை நம்பிப் பிழைப்பவர்களில் எல்லோரும் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஏலத்தில் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் அக்காக்களுக்கோ முதலும் அதிகம், கூடையில் மீனும் குறைவு.

கடலுக்கு ஓய்வு தேவை, அதில் சந்தேகமில்லை. அந்த ஓய்வுக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அடுத்த முறை மே மாதத்தில் மீன்கார அக்கா விலை கூட்டிச் சொன்னால், பேரம் பேசும் முன் இந்தக் கணக்கையும் ஒருமுறை நினைச்சுப் பாருங்க.