நூலகமும் எண்ணூர் மக்களும்

நூலகம் மௌன வாசிப்புக்கே உரியது, எண்ணூர் போன்ற உழைப்பாளர் பிரதேசத்தில் கதைநேரமும் கூட்டுவாசிப்பும் பொதுப்பண விரயமே என்று வாதிடும் நண்பர், 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்துவரியோடு வசூலாகும் நூலக வரி, படித்தவர்களிடம் மட்டும் பெறப்படுவதன்று என்பதை அடியோடு மறந்துவிட்டார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் வேண்டுமென்பது நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த விதி. 1931-இலேயே மன்னார்குடியில் புத்தகங்கள் மாட்டுவண்டியேறிக் கிராமங்களைத் தேடிச் சென்றன. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய், வலைகளிலும் படகுகளிலும் கரும்பசையாய் அப்பிக்கொண்டதே, அந்நாட்களில் நிவாரண அறிவிப்புகளை உரக்கப் படித்துப் பொருள் சொல்லும் மாலைக்கூட்டம் நூலகத்தில் நடந்திருந்தால் அதுவும் விரயமா? அனல்மின் நிலையங்களைப் பற்றிய சுற்றுச்சூழல் அறிக்கைகளை மீனவர்கள் கூடி விவாதிக்க வேறெந்த மண்டபம் இருக்கிறது? அமைதி விரும்புவோருக்குத் தனியறை ஒதுக்குங்கள், ஆட்சேபணையில்லை. கூடத்தைப் பூட்டச் சொல்லாதீர்கள்.