பத்து மாத ஆசிரியருக்கும் இனச்சுழற்சி வேண்டும்

பி.எட். முடித்த நம் பிள்ளைகளிடம் என்ன வேலை என்று கேட்டால், "டெம்பரரியா ஒரு ஸ்கூல்ல இருக்கேன்" என்ற பதில் இப்போது சாதாரணமாகிவிட்டது. ஜூனில் சேர்ந்து ஏப்ரலில் வெளியே வர வேண்டும். மே மாதம் சம்பளம் கிடையாது. அடுத்த ஜூனில் அதே பள்ளிக்கூட வாசலில் மறுபடியும் விண்ணப்பத்தோடு நிற்க வேண்டும். முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிய வீட்டில் 'டீச்சர் வேலை' என்று ஊருக்கே சொல்லியாயிற்று. அது பத்து மாத வேலை என்பது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த செய்தி.

இந்த வேலைக்குப் போவதா வேண்டாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். போகலாம். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும். அதற்கு முன் இந்த முறை எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2022 ஜூனில் தமிழக அரசுப் பள்ளிகளில் 13,331 காலியிடங்களைத் தற்காலிகமாக நிரப்ப உத்தரவு வந்தது. இடைநிலை ஆசிரியர் 4,989, பட்டதாரி ஆசிரியர் 5,154, முதுகலை ஆசிரியர் 3,188. தொகுப்பூதியம் முறையே 7,500, 10,000, 12,000 ரூபாய். நியமனம் செய்யும் பொறுப்பு அந்தந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவிடம் விடப்பட்டது. ஜூலை 1ஆம் தேதி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. பிறகு நெறிமுறைகள் திருத்தப்பட்டு, தகுதித் தேர்வில் தேறியவர், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர், உள்ளூர்க்காரர் என முன்னுரிமைகள் வகுக்கப்பட்டு நியமனம் நடந்தது. ஊதியமும் பின்னர் 12,000, 15,000, 18,000 என்று கூட்டப்பட்டது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு, அருந்ததியருக்கான 3 சதவீத உள் ஒதுக்கீட்டையும் சேர்த்து, 18 சதவீதம். பழங்குடியினருக்கு 1 சதவீதம். 13,331 இடங்களும் இனச்சுழற்சிப்படி நிரப்பப்பட்டால் ஏறத்தாழ 2,400 இடங்கள் பட்டியல் சாதியினருக்கும், 133 இடங்கள் பழங்குடியினருக்கும் வர வேண்டும். ஆனால் பள்ளிக்கு ஓரிடம், இரண்டிடம் என்று துண்டாக்கிக் கொடுத்தால் இனச்சுழற்சி எங்கே சுழலும்? ஓர் இடத்தில் 18 சதவீதம் என்பது பூஜ்யம்தான். இப்படி ஆயிரக்கணக்கான பூஜ்யங்களைக் கூட்டினாலும் பூஜ்யம்தான் வரும். இடஒதுக்கீட்டை யாரும் ரத்து செய்யத் தேவையில்லை. இடங்களைப் பிரித்துக் கொடுக்கும் முறையே அதைச் செய்துவிடுகிறது.

அடுத்தது, தேர்ந்தெடுப்பவர் யார் என்ற கேள்வி. கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் கிராமத்தில், ஊர்த்தெருவின் சொல்லை மீறிச் சேரித் தாய் ஒருத்தி "எங்க தெரு பொண்ணும் பி.எட். படிச்சிருக்கு" என்று எழுந்து சொல்வது எளிதல்ல. நாளைக்கு அதே ஊர்த்தெருக்காரர் வயலில்தான் அவர் நடவுக்குப் போக வேண்டும். 'உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை' என்றால் உள்ளூரில் யாருக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஊரில் கிடைக்காதவர்கள் சென்னைக்கு வருகிறார்கள். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கம் தனியார் பள்ளிகள் அதிகம். பிரசவ விடுப்பில் ஒருவர் போனால் அந்த இடத்துக்கு ஒரு மாற்று ஆசிரியர், மழலையர் வகுப்புக்கு ஓர் உதவி ஆசிரியர் என்று வேலை இருந்துகொண்டே இருக்கும். ஆனால் தனியார் பள்ளியில் இடஒதுக்கீடு இல்லை. தமிழ்வழியில் படித்து வந்தவரின் ஆங்கிலத்தை நேர்காணலிலேயே எடை போட்டுவிடுவார்கள். வேலை கிடைத்தாலும் 'சைவம் மட்டும்' என்று பலகை தொங்கும் வீடுகளைக் கடந்து அறை தேட வேண்டும். பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது ஒரு நிம்மதி. அறை வாடகையும் சாப்பாடும் போக ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும் என்று வேலையில் சேரும் முன்பே எழுதிப் பாருங்கள்.

இதே தென்சென்னைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். அடுத்தடுத்து கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று அத்தகைய பள்ளிகள் விரிந்தன. மற்ற பள்ளிகளில் நம் பிள்ளைகளைத் திண்ணையில்கூட உட்கார விடாத காலம் அது. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டோடு இலங்கைக்குப் பயணமானபோது உடன் சென்றவர் பி. கிருஷ்ணசாமி. அவர் பஞ்சமர் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர். சமூகத்தின் திசையைத் தீர்மானித்த ஒரு பயணத்தில் பண்டிதருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார் என்பது தற்செயல் அல்ல. ஆசிரியர் என்றால் படிப்பு மட்டுமல்ல, மதிப்பு. ஊரில் எழுந்து நின்று பேசக்கூடிய ஒரு குரல். பத்து மாதத்துக்கு ஒருமுறை வேலை போய்விடும் ஆசிரியரால் எந்தத் தைரியத்தில் பேச முடியும்? வகுப்பில் சாதிக் கயிறு கட்டி வரும் மாணவனைக் கண்டித்தால் அடுத்த ஆண்டு இந்த வேலை இருக்குமா என்று யோசிக்க வேண்டிய நிலையில் அவர் இருக்கிறார். வேலை நிரந்தரமில்லை என்பது சம்பளப் பிரச்சினை மட்டுமல்ல.

தற்காலிகம் எவ்வளவு நாள் நீளும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாயில் எடுக்கப்பட்டார்கள். அது 7,700, 10,000 என்று ஏறி, 2023 அக்டோபரில் 12,500 என்று அறிவிக்கப்படுவதற்குள் 11 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த ஒவ்வொரு உயர்வுக்குப் பின்னாலும் போராட்டம் உண்டு. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள டி.பி.ஐ. வளாகத் தரையில் அவர்கள் படுத்துக் கிடந்ததை இந்த மாநகரம் பார்த்திருக்கிறது.

நீதிமன்றம் என்ன சொல்கிறது? 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், முறையான தேர்வு இல்லாமல் வந்தவர் எத்தனை ஆண்டு வேலை பார்த்தாலும் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில், அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கு நிரந்தரப் பணியாளரின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சத் தொகையைத் தர வேண்டும் என்றது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். முதல் தீர்ப்பைச் சொல்லி அரசு கதவை மூடுகிறது. இரண்டாவது தீர்ப்பை அரசு நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அதை நினைவூட்டுவது நம் வேலை.

இடஒதுக்கீட்டுக்கும் வழி இருக்கிறது. மத்திய அரசுப் பணிகளில் 45 நாள்களும் அதற்கு மேலும் நீடிக்கும் தற்காலிக நியமனங்களுக்கு இடஒதுக்கீடு பொருந்தும் என்பது பழைய விதி. 2022 நவம்பரில் அதை மீண்டும் சுற்றறிக்கையாக அனுப்பியதாக மத்திய அரசு 2023இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. 45 நாள் வேலைக்கே இடஒதுக்கீடு உண்டென்றால், சமூகநீதி பேசும் மாநிலத்தில் பத்து மாத வேலைக்கு ஏன் கூடாது? மாவட்டத்தை ஓர் அலகாக வைத்துக் காலியிடங்களைக் கணக்கிட்டு, இனச்சுழற்சிப் பட்டியல் போட்டு, அதிலிருந்து பள்ளிக்கு ஆள் அனுப்பினால் போதும். கூடுதல் செலவு ஒரு பைசா கிடையாது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலோ, அங்கே படிப்பவர் பெரும்பாலும் நம் பிள்ளைகளே என்பதால், தற்காலிக ஏற்பாடே கூடாது. காலியிடங்களை நிரந்தர ஆசிரியரைக் கொண்டு நிரப்ப வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. தற்காலிகப் பணிக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். எழுத்துப்பூர்வ நியமன ஆணை இல்லாமல் வகுப்புக்குள் போகாதீர்கள். வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயரும் கையெழுத்தும் தினமும் இருக்கட்டும். ஊதியத்தை வங்கிக் கணக்கில் மட்டும் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை எந்தப் பள்ளியிலும் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும். பணி முடியும் நாளில் அனுபவச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தகுதித் தேர்வுக்குப் படிப்பதை ஒருநாளும் விடாதீர்கள். 150க்கு 90 என்றிருந்த தேர்ச்சி மதிப்பெண்ணை 2014இல் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 82 ஆக்கியது கேட்டுப் பெற்ற சலுகை. தற்காலிக வேலை பகலைத் தின்னும். இரவையும் அதற்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் தெருவிலிருந்து எத்தனை பேர் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். விகிதம் குறைந்தால் எழுதிக் கொடுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள்: இந்த மாவட்டத்தில் எத்தனை தற்காலிக ஆசிரியர்கள், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர்? ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் அந்த எண்கள் வந்து சேரட்டும். அதன் பிறகு இது வெறும் புகாராக இருக்காது, கணக்காக இருக்கும். கணக்குக்கு அரசு பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.