ஓடினால் மட்டும் போதுமா?



"ப்ராஜெக்ட் ரன் ஆகுதா? ஆச்சுன்னா விடு, முடிஞ்சுது!" லேப் வாசலிலும் பஸ்ஸிலும் இந்த வசனத்தைக் கேட்காத நாளே கிடையாது. நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். ஆனால் ஓடினால் மட்டும் போதாது என்பது இன்று என் தாழ்மையான கருத்து. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தப் பாடப் புத்தகமும் அல்ல. என் அம்மாவின் பால் நோட்டு!

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் கணக்கு விரல் நுனியில் நிற்கும். வீட்டில் இரண்டு மாடு. காலையும் மாலையும் ஊர்ப் பால் சங்கத்தில் ஊற்றுகிற பாலில்தான் என் செமஸ்டர் ஃபீஸ், ரெக்கார்டு நோட்டு எல்லாமே. அதனால் போன வருடம் மினி ப்ராஜெக்டுக்கு அந்தச் சங்கத்துக் கணக்கையே எடுத்துக்கொண்டேன். பைதான் மொழி, ஜாங்கோ ஃபிரேம்வொர்க்.

ஜாங்கோ பிறந்த இடம் ஒரு செய்தித்தாள் அலுவலகம். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில், 2003-ல் ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இருவர் தங்கள் பத்திரிகையின் இணையதள வேலைக்காக எழுதத் தொடங்கியது. 2005 ஜூலையில் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார்கள். செய்தி ஆறுவதற்குள் பக்கம் தயாராக வேண்டிய இடத்தில் பிறந்ததால் வேகம் அதன் இரத்தத்திலேயே இருக்கிறது. பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிடார் மேதையுடையது. 1928-ல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் பாதிக்கப்பட்டும், மிச்சமிருந்த விரல்களால் உலகை மயக்கியவர் அவர்!

அந்த வேகம் எனக்கும் கைகொடுத்தது. லாகின், உறுப்பினர் பட்டியல், அட்மின் பக்கம் எல்லாம் ஒரே வாரத்தில் தயார். சங்கத்தில் இரண்டு லேப்டாப் வைத்து, நோட்டோடு கூடவே ஓட்டிப் பார்த்தோம். பால் அளக்கிற இடத்தில் ஒன்று, தீவன மூட்டை கொடுக்கிற இடத்தில் ஒன்று. நான்காம் நாள் அம்மா கேட்டார்.

"கண்ணு, நம்ம கணக்குல எழுபது ரூபா குறையுதே. நோட்டு தப்பா, உன் மிசினு தப்பா?"

"நோட்டுலதாம்மா தப்பு இருக்கும்" என்று பெருமையாகச் சொன்னேன். தப்பு என்னுடையது!

நடந்தது இதுதான். அம்மாவின் பாக்கி 2,340 ரூபாய். ஒரு லேப்டாப்பில் 2 லிட்டர் பாலுக்கு 70 ரூபாய் கூட்டினார்கள். அதே நேரத்தில் இன்னொன்றில் தீவனத்துக்கு 500 ரூபாய் கழித்தார்கள். இரண்டுமே முதலில் 2,340 என்று படித்துக்கொண்டன. ஒன்று 2,410 என்று எழுதியது. மற்றது அதன் மேலேயே 1,840 என்று எழுதிவிட்டது. வர வேண்டியது 1,910. எழுபது ரூபாய் மாயம்! எந்த எர்ரரும் வரவில்லை. ப்ரோக்ராம் ஜோராக ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இதற்கு ஜாங்கோவிலேயே வழி உண்டு. பாக்கியைப் பைதானுக்கு எடுத்து வந்து கூட்டாமல், "இருக்கிறதோடு 70 கூட்டு" என்று டேட்டாபேஸையே செய்யச் சொல்லலாம். அதற்குப் பெயர் எஃப் எக்ஸ்பிரஷன். பாக்கி போதுமா என்று பார்த்துவிட்டுக் கழிக்க வேண்டுமானால், செலக்ட் ஃபார் அப்டேட் போட்டு அந்த வரிசையைப் பூட்டிவிடலாம். நம் வேலை முடியும்வரை, அதேபோல் பூட்ட வருகிறவரும் மாற்ற வருகிறவரும் காத்திருப்பார்கள். ஆனால் நாம் லேபில் பழகுகிற எஸ்க்யூலைட்டில் இந்தப் பூட்டு வேலை செய்யாது. எர்ரரும் காட்டாது! போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ் வேண்டும்.

பால் வரவை எழுதிவிட்டுப் பாக்கியை மாற்றுவதற்குள் கரண்ட் போனால்? இரண்டையும் அட்டாமிக் என்ற ட்ரான்ஸாக்ஷனுக்குள் வைத்தால், ஆனால் இரண்டும் ஆகும், இல்லாவிட்டால் இரண்டும் ஆகாது.

இதையெல்லாம் படித்தபிறகு அம்மாவின் நோட்டைத் திரும்பப் பார்த்தேன். வெட்கமாகப் போய்விட்டது. அதில் யாருமே பழைய வரியை அழித்து எழுதுவதில்லை. வரவு ஒரு வரி, பற்று ஒரு வரி. கடைசியில் கூட்டிக்கொள்வார்கள். அதனால்தான் எத்தனை பேர் எழுதினாலும் எழுபது ரூபாய் தொலையவில்லை. இப்போது என் ப்ரோக்ராமிலும் பாக்கி என்ற கட்டமே கிடையாது. வரிகள் மட்டும்தான். பாக்கியைக் கூட்டிச் சொல்வது டேட்டாபேஸின் வேலை.

இன்னொரு பாடமும் கிடைத்தது. உறுப்பினர் 200 பேரின் பட்டியலைப் பெயரும் தெருவுமாகக் காட்டினால் பக்கம் ஆமை வேகத்தில் வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால், பட்டியலுக்கு ஒரு குவெரி, ஒவ்வொருவர் தெருவுக்கும் ஒரு குவெரி, ஆக 201! தெரு வேறு டேபிளில் இருந்ததுதான் காரணம். செலக்ட் ரிலேட்டட் என்று ஒரே ஒரு சொல் சேர்த்தேன். இரண்டு டேபிளையும் ஜாயின் செய்து ஒரே குவெரியில் முடிந்துவிட்டது.

நண்பர்களே, இன்டர்வியூவில் "அட்வான்ஸ்டா என்ன தெரியும்?" என்று கேட்டால் நாம் ரெடிஸ், செலரி, டாக்கர் என்று பெயர்களை அடுக்குகிறோம். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாம் எழுதிய ஒரு வரி உள்ளே என்ன எஸ்.க்யூ.எல். ஆகிறது என்று தெரியாமல் பெயர் மட்டும் தெரிந்து என்ன பயன்? ஃபிரேம்வொர்க் நமக்காக உழைக்கலாம், நமக்காக யோசிக்கக் கூடாது. அது என்ன செய்கிறது என்று திறந்து பார்க்கிறவனுக்குத்தான் அட்வான்ஸ்ட் என்ற சொல் பொருந்தும்.

ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கினாலும், ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கினாலும், ஓடுகிற ப்ரோக்ராம் கிடைத்துவிடும். எழுபது ரூபாய் எங்கே போயிற்று என்று அம்மா கேட்டால் பதில் சொல்ல வேண்டியது யார்? நாம்தானே!

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். வைவாவுக்கு முன்னால் ஒவ்வொரு ப்ராஜெக்டையும் இரண்டு பேர், இரண்டு கம்ப்யூட்டரில், ஒரே கணக்கில், ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்கிற பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். ஜூனியர்களுக்கு நாம் விட்டுப் போகிற நல்ல பழக்கமாக அது இருக்கட்டும். செலவு ஒன்றுமில்லை, பத்து நிமிடம் போதும்.

நாளை நாம் எழுதப்போவது யாரோ ஒருவருடைய சம்பளம், ரேஷன், மருந்துச் சீட்டு. அந்த ஒருவர் நம் அம்மாவாகவும் இருக்கலாம் அல்லவா?

எழுபது ரூபாய் திரும்ப வந்தபோது அம்மா சொன்னது ஒன்றுதான்: "இப்பத்தான்டா உன் மிசினு எழுதப் படிக்கக் கத்துக்கிச்சு!"



– மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை