தட்டில் செத்த பக்டீரியா

எங்கட குடும்ப வட்சப் குழுவில மாதத்துக்கு ஒருக்கா எண்டாலும் வேப்பமரம் வரும். வேப்பிலை பக்டீரியாவைக் கொல்லும் எண்டு விஞ்ஞானம் இப்பதான் கண்டுபிடிச்சிருக்காம், எங்கட முன்னோருக்கு அது அப்பவே தெரியுமாம். கீழே வரிசையாகக் கும்பிடுற கைகள். நானும் ஒரு காலத்தில் கை போட்டவன்தான்.

சித்தப்பாவுக்குச் சீனி வருத்தம். போன வருசம் காலில் ஒரு புண் வந்தது. கிளினிக்கில் குடுத்த அன்ரிபயோட்டிக்கை மூன்றாம் நாளே நிப்பாட்டிப்போட்டு வேப்பிலையை அரைச்சுக் கட்டினார். ஏன் எண்டு கேட்டதுக்கு போனைத் தூக்கிக் காட்டினார். கடைசியில் சின்னவிரலை எடுக்க வேண்டி வந்தது. குளிசையை முழுக்கப் போட்டிருந்தால் விரல் தப்பியிருக்குமோ, எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தப் படத்தை அனுப்பின ஒருத்தரும் வாட்டுப் பக்கம் வரேல்ல.

அந்தப் பதிவு முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். 1942 இல் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற இரசாயனவியலாளர் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் ஆகியவற்றைப் பிரித்தெடுத்தார். பிறகு நிம்போலைட், மஹ்மூடின் எண்டு பட்டியல் நீண்டது. இவற்றில் சில பக்டீரியாவுக்கு எதிராக வேலை செய்வது உண்மைதான். ஆனால் எங்கே? ஆய்வுகூடத் தட்டில். பக்டீரியா பூசின தட்டில் சாறு தோய்ச்ச சின்னக் கடதாசி வட்டத்தை வைப்பார்கள். அடுத்த நாள் அதைச் சுற்றி ஒண்டும் வளராத வெளி தெரிந்தால் வெற்றி. குளோரின் வைத்தாலும் அந்த வெளி தெரியும். அதுக்காகக் குளோரினை ஒருத்தரும் குடிக்கச் சொல்றேல்ல.

தட்டுக்கும் மனிச உடம்புக்கும் இடையில் ஈரல் இருக்கு, இரத்தம் இருக்கு, அளவு எண்ட ஒண்டு இருக்கு. அன்ரிபயோட்டிக் மைக்ரோகிராம் கணக்கில் செய்யிற வேலைக்கு இலைச்சாறு பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கில் வேணும். பிளெமிங் 1928 இல் பெனிசிலினைத் தட்டில் கண்டார். அது நோயுற்ற எலியைக் காப்பாற்றும் என்று ஒக்ஸ்போர்ட்டில் காட்டினது 1940 இல். நடுவில் 12 வருசம். வேம்புக்கு நாங்கள் 12 செக்கன் குடுக்கவும் தயாரில்லை, உடன ஃபோர்வேர்ட்.

"இயற்கைதானே, என்ன செய்யப்போகுது?" எண்டு கேட்கிறவைக்கு: குழந்தைகளுக்குப் பருக்கின வேப்பெண்ணெய் நஞ்சாகி, ஈரலையும் மூளையையும் தாக்கினதைப் பற்றி மலேசிய மருத்துவர்கள் 1981 இலேயே லான்செட் சஞ்சிகையில் எழுதிவிட்டார்கள்.

இதைச் சொன்னால் உடனே "வெள்ளைக்காரன்ர மூளை" எண்டு பட்டம் கிடைக்கும். சரி, சித்த மருத்துவத்தையே எடுப்பம். இலையா பட்டையா எண்ணெயா, எவ்வளவு, என்ன அனுபானம், என்ன பத்தியம் எண்டு பார்த்துத்தான் வைத்தியர் குடுப்பார். கைதடியில் பெடியள் வருசக்கணக்காக இருந்து படிக்கிறது இதைத்தான். பச்சைப் படத்தில் இதில ஒண்டாவது இருக்கா? அப்ப முன்னோரை அவமதிக்கிறது ஆர், நானா அந்தப் படமா?

வேம்புக் காப்புரிமைக் கதையையும் இவையள் பெருமையாகச் சொல்லுவினம். 1994 இல் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பனிக்கும் அமெரிக்க விவசாயத் திணைக்களத்துக்கும், வேப்பெண்ணெயால் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை கிடைத்தது. 2000 இல் அது ரத்தானது, 2005 இல் மேன்முறையீடும் தோற்றது. நல்ல விசயம். ஆனால் அந்த வழக்கில் நின்றது கும்பிடுற கை இல்லை. இந்தியாவில் முன்னரே வயலில் செய்து பார்த்தவர் நேரில் போய்ச் சொன்ன சாட்சியம்.

கலைப்பீடத்துக்காரனுக்கு ஏன் இந்த வேலை எண்டு கேட்பியள். "முன்னோர்" எண்ட சொல்லை ஆர், எதுக்குப் பாவிக்கினம் எண்டு பார்க்கிறது எங்கட பாடம்தான். மற்றபடி எனக்கு வேம்பில கோவம் இல்லை. அம்மாள் வருத்தம் வந்தபோது கடிச்ச இடமெல்லாம் அம்மம்மா வேப்பிலையால் தடவினது இப்பவும் நினைவிருக்கு. நகத்தால் சொறிஞ்சு புண்ணாக்கிறதைவிட அது எவ்வளவோ மேல்.

போன கிழமையும் அதே படம் வந்தது. "எவ்வளவு? எத்தனை நாளைக்கு? சீனி வருத்தக்காரர் புண்ணுக்குக் கட்டலாமோ?" எண்டு கீழே கேட்டனான். இன்னும் பதில் இல்லை. பெரியமாமா மட்டும் கும்பிடுற கை போட்டிருக்கிறார்.